பெத்தெங் பாலத்தில் ஹாரன் அடிக்காதவள்

சுங்கச்சாவடியில் அட்டையைத் தொட்டதும் தடுப்புக் கம்பு உயர்ந்தது. வேன் நெடுஞ்சாலையில் ஏறியதுமே வெனிங் செருப்பைக் கழற்றிவிட்டு முன் இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டாள். இனி ஊர் போய்ச் சேரும்வரை அவள் வாய் ஓயாது. கண்ணில் படும் எந்தப் பலகையையும் வாசிக்காமல் விடமாட்டாள்.

“ஓய்விடம், பத்து கிலோமீட்டர். பக்கக் காத்து, கவனம். அடுத்தது உங்காரான், இடது பக்கம் இறங்கு.”

“எனக்கும் கண்ணு இருக்குக்கா,” என்றாள் வேனை ஓட்டிக்கொண்டிருந்த அம்பர்.

“இருக்கட்டும். கண்ணு தூங்கினாலும் காது முழிச்சிருக்கும். நீ ரோட்டைப் பாரு.”

அம்பர், வெனிங்கின் தம்பி பிமோவின் மனைவி. ஜாவாத் தீவில் செமாராங்குக்கும் சோலோவுக்கும் நடுவே ஆள் ஏற்றிப்போகும் இந்த வேன்தான் அவள் பிழைப்பு. வெனிங் செமாராங் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் உண்டா என்று அந்தச் சந்தையில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பலகைகளின் மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணம் பிமோ. இந்தச் சாலைக்குப் பலகை நட்ட கோஷ்டிக்கு அவன்தான் மேஸ்திரி. நட்டு முடித்த ஒவ்வொரு பலகையிலும் வலது கீழ்மூலை ஆணியின் தலையில் அம்பரின் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்துவிடுவான். “கையெழுத்துப் போட்டா கம்பெனிக்காரன் திட்டுவான், இது எவன் கண்ணுக்கும் தெரியாது,” என்பான். தெரியவேண்டிய இரண்டு பேர் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் இருந்த காலத்தில் மூன்று பேருமாக இதே சாலையில் போய், சிவப்புப் புள்ளியை யார் முதலில் பார்க்கிறார்கள் என்று பந்தயம் கட்டி, தோற்றவர் காசில் தெம்பே என்னும் சோயா வறுவல் தின்றிருக்கிறார்கள்.

பெத்தெங் ஆற்றுப் பாலத்தில் பெரிய பலகையை ஏற்றும்போதுதான் சாரம் சரிந்தது. மழைக்காலம். கீழே ஆறு கரை புரண்டு ஓடியது. பிமோவும் அவனுடைய ஆட்களும் அதில் விழுந்தார்கள். ஒருவர் உடம்பும் கிடைக்கவில்லை.

‘பாலம் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது’ என்றது ஊர். உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த ஆற்றுக்கு அடியில் ஓர் அரண்மனை இருக்கிறதாம், மேலே செத்தவனுக்கெல்லாம் அங்கே வேலை கொடுப்பார்களாம். “உன் தம்பிக்கு அங்கயும் மேஸ்திரி வேலைதான் குடுத்திருப்பாங்க, கவலைப்படாத,” என்று ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். அவர் வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போடவேண்டும் போலிருந்தது வெனிங்குக்கு.

இப்போது கரங்சாரியில், பிறந்த வீட்டில், பிமோவுக்குக் கடைசிச் சடங்கு. வெறும் குழியின் மேல் கல் நடப்போகிறார்கள். கல் நட்டுவிட்டால் போனவன் போனவன்தான், அதற்குமேல் யாரும் அவனை எதிர்பார்க்கக் கூடாது. விருந்துக்கு வேண்டிய பெரிய இரும்புச் சட்டியும் சோறு அவிக்கும் செம்புப் பானையும் கரண்டிகளும் வேனின் பின்னால் உருண்டுகொண்டு வந்தன. வெனிங் சடங்குக்குச் சரி என்று சொல்லியிருந்தாள். சொன்னது வாய்தான். அவளுக்குக் கல் வேண்டாம், தம்பி வேண்டும்.

வழியில் ஒரு சிறு பாலம் வந்தது. அம்பர் ஹாரனை இரண்டு தரம் லேசாக அழுத்தினாள். “வழி விடுங்க தாத்தா,” என்று முணுமுணுத்தாள். முன்னால் போன லாரியும் அதையே செய்தது. அந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற யாரும் பாலத்தை ஹாரன் அடிக்காமல் கடக்கமாட்டார்கள். பாலத்தின் அடியில் குடியிருக்கும் அந்தப் பேய்த் தாத்தாவிடம் அனுமதி கேட்காமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டலாமா?

“அம்பர்.”

“ம்.”

“பெத்தெங் பாலத்துல அடிக்காத.”

அம்பர் திரும்பிப் பார்த்தாள். “வெளையாடாதீங்கக்கா. வேற எதுல வேணாலும் அடிக்காம போறேன், அதுல மாட்டேன். அது எப்படிப்பட்ட எடம்னு தெரியும்ல?”

“தெரிஞ்சதுனாலதான் சொல்றேன். நம்ம ஆளைத் தூக்கிட்டுப் போனவன்கிட்ட நான் அனுமதி கேக்கணுமா? ரோடு போட்டவன் என் தம்பி.”

“உசுரோட இருக்கிறவங்களுக்கு ரோசம் எதுக்குக்கா...”

“உசுரோட இருக்கிறவங்களுக்குத்தாண்டி ரோசம் வேணும்.”

உச்சி வெயில் ஏறியிருந்தது. தார் மினுமினுத்தது. தூரத்தில் பாலத்தின் பச்சைப் பலகை தெரிந்தது: பெத்தெங் ஆறு. அம்பரின் கட்டைவிரல் தன்னையறியாமல் ஹாரனுக்குப் போனது. வெனிங் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வேன் சத்தமில்லாமல் பாலத்தைக் கடந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. கீழே ஆறு வற்றிப்போய், கற்களுக்கு நடுவே ஒரு நூல் மாதிரி கிடந்தது. “பாத்தியா?” என்றாள் வெனிங். பாலத்தைத் தாண்டினால் ஒரு வளைவு, வளைவைத் தாண்டினால் கரங்சாரி இறங்குபாதையின் பலகை. வெனிங் அதை வாசிக்க வாயைத் திறந்தாள்.

வளைவுக்கு அப்பால் பாலம் இருந்தது.

பச்சைப் பலகை இருந்தது. பெத்தெங் ஆறு.

“ரெண்டு பாலமா இருக்கு?” என்றாள் அம்பர் மெதுவாக. இந்தச் சாலையில் தினமும் போய் வருகிறவள் அவள். ஒரு பாலந்தான் என்று அவளுக்குத் தெரியாதா? மறுபடியும் கடந்தார்கள். வளைவு வந்தது. மறுபடியும் பாலம். இதற்குள் முன்னால் போன லாரியைக் காணோம். பின்னால் வந்த பஸ்ஸையும் காணோம். எதிர்ப்பக்கச் சாலையில் ஈ காக்கை இல்லை.

குளிர்காற்று வரும் துவாரங்களிலிருந்து ஒரு வாடை வந்தது. ஆற்றுச் சேறு. அதோடு கலந்து, புதிதாகக் குழைத்த சிமெண்ட்.

“கேளு.”

குரல் அந்தத் துவாரத்திலிருந்துதான் வந்தது. கிழட்டுக் குரல். அதில் கோபம் இல்லை. கடைக்குள் உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளர் வருவார் என்று தெரிந்து காத்திருப்பவனின் பொறுமை இருந்தது.

“எல்லாரும் அனுமதி கேட்டுட்டுத்தான் போறாங்க. நீயும் கேளு.”

அம்பர் பிஸ்மில்லா சொல்லத் தொடங்கினாள், முடிக்க முடியவில்லை. “அடிச்சுடுறேன்க்கா. ஒரே ஒரு தரம். போயிடலாம்.”

வெனிங் அவள் கையை விடவில்லை. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் விடவில்லை.

அப்போதுதான் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். பாலத்துக்குச் சற்று முன்னால், எப்போதும் வெறும் மேடாக இருக்கும் இடத்தில், பச்சைப் பலகை ஒன்று நின்றது. வெள்ளை எழுத்தில் ‘கரங்சாரி’. பக்கத்தில் இடப்புறம் சாய்ந்த அம்புக்குறி. அதன் அடியில் புத்தம்புதுத் தார்ப்பாதை ஒன்று பிரிந்து ஆற்றை நோக்கி இறங்கியது.

“நம்ம ஊரு!” என்று அம்பர் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினாள்.

“நிறுத்துடி!”

வேன் ஓரத்தில் தேய்ந்து நின்றது. வெனிங் கண்ணாடியில் மூக்கை ஒட்டி அந்தப் பலகையைப் பார்த்தாள். வலது கீழ்மூலை ஆணியைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி இல்லை.

“இதுல அவன் கையெழுத்து இல்ல,” என்றாள்.

கீழே, பாதை ஆற்றைத் தொடும் இடத்தில், ஆட்கள் நின்றார்கள். ஆரஞ்சு மேலங்கி, மஞ்சள் தலைக்கவசம். எல்லோரும் இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி எதையோ தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தூக்கியது இன்னொரு பலகை. அதில் இன்னும் எழுத்து எதுவும் இல்லை.

ஒருவன் மட்டும் திரும்பினான்.

அவனுக்கு முகம் இருந்த இடத்தில் சாந்து பூசி மெழுகிவிட்டது போலிருந்தது. கண் இல்லை, வாய் இல்லை. ஆனால் ஒரு தோள் சற்று இறங்கி நிற்கும் அந்த நிற்பை அம்பருக்குத் தெரியாதா? “அவருதான்,” என்று கதவைத் திறக்கப் போனாள். “கூப்பிடுறாருக்கா.”

“நல்லாப் பாரு. கையில என்ன வச்சிருக்கான்?”

அவன் கையில் சிவப்புக் கொடி இருந்தது. சாலையில் வேலை நடக்கும்போது வண்டிகளை மறிக்கும் கொடி. அதைத் தலைக்கு மேல் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

வராதே. வராதே. வராதே.

அம்பர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெனிங்குக்கும் கண் நிறைந்தது. செத்த பிறகும் அங்கே அவனைப் பொறி வைக்கத்தான் வேலை வாங்குகிறார்கள், அவனோ பொறியின் வாசலில் நின்று ஆளை விரட்டுகிறான். அந்த எண்ணம் நெஞ்சில் தைத்ததும் அவளுடைய பயம் முழுக்கக் கோபமாக மாறியது.

“கேளு,” என்றது குரல். “அவன் என் ஆளுன்னு ஒத்துக்கிட்டுப் போ. ஒரு ஹாரன். அவ்வளவுதான்.”

இதுதானா விஷயம் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. இத்தனை காலம் இத்தனை வண்டிகள் அடித்த ஒவ்வொரு ஹாரனும், ‘இது உன் வீடு, இங்கே இருப்பதெல்லாம் உன்னுடையது’ என்று எழுதிக் கொடுத்தது மாதிரி. கரங்சாரியில் நடப்போகும் கல்லும் அதே வகைதான்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். அந்த வெயிலிலும் தார் பனிக்கட்டி மாதிரி சில்லிட்டது. வேனின் பின்கதவைத் தூக்கி, இரும்புச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரிய கரண்டியை ஓங்கினாள்.

ஜாவாக் கிராமங்களில் ஒரு பிள்ளை காணாமற்போனால், பேய் ஒளித்துவைத்துவிட்டது என்று தெரிந்தால், ஊரே அடுப்படிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்துவிடும். சட்டியையும் முறத்தையும் தட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி சுற்றி வருவார்கள். பேயிடம் கெஞ்சும் வழக்கமே கிடையாது. பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவனுக்காக யாரும் இப்படித் தட்டியதில்லை. தட்டக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை.

டங்.

“பிமோ! வீட்டுக்கு வா!”

டங். டங். சத்தம் பாலத்தின் தூண்களில் மோதித் திரும்பியது. வற்றிக்கிடந்த ஆற்றுக்குள்ளிருந்து வெள்ளம் உருளும் இரைச்சல் எழுந்தது. தண்ணீர் மட்டும் எங்கும் இல்லை.

“அவன் என் ஆளு!” இப்போது குரல் பாலத்தின் அடியிலிருந்து வந்தது. பாலம் அதிர்ந்தது.

“உன் ஆளா?” வெனிங் தொண்டை கிழியக் கத்தினாள். “அவனோட நஞ்சுக்கொடி எங்க வீட்டு வாசல்ல புதைச்சிருக்குடா! அதுக்கு ராவெல்லாம் வெளக்கு வச்சுக் காத்தவ நானு! நீ எங்க இருந்து வந்து சொந்தம் கொண்டாடுற?”

பக்கத்தில் இன்னொரு சத்தம் சேர்ந்தது. அம்பர் செம்புப் பானையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே, மத்தளம் மாதிரி அடித்தாள். “வாங்க! சோறு ஆறிப்போகுது, வாங்க!”

கீழே பிமோவின் முகத்தில் வெடிப்பு விட்டது. பழைய சுவரில் காரை உதிர்வது போலச் சாந்து உதிர்ந்தது. முதலில் ஒரு கண் தெரிந்தது, பிறகு வாய். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அத்தனை பேருக்கும் அதே சாந்து முகம். வேலை தேடி எங்கெங்கோ இருந்து வந்து பிமோவின் கோஷ்டியில் சேர்ந்தவர்கள். அவர்கள் பெயர்கூட வெனிங்குக்குத் தெரியாது.

பெயர் தெரியாதவர்களை எப்படிக் கூப்பிடுவது?

“எல்லாரும் வாங்க!” என்றாள். “எந்த ஊரா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி, ஏறுங்க! கொண்டுபோய் விடுறோம்! வீடு இருக்கிறவன் எவனும் இங்க நிக்காதீங்க!”

இரைச்சல் காதைப் பிளந்தது.

அப்புறம் அது ஒரு லாரியின் ஹாரனாக இருந்தது. “ரோட்டு ஓரத்துல என்னம்மா கச்சேரி நடத்துறீங்க?” என்று ஓட்டுநர் எட்டிப்பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். பின்னாலேயே பஸ்ஸும் கார்களும் சென்றன. வெயில் சுட்டது. ஆற்றுக்கு இறங்கும் பாதையும் இல்லை, பலகையும் இல்லை, புல் முளைத்த மேடுதான் இருந்தது.

வேனின் பின்புறம் மட்டும், ஆட்டுக்குப் பதிலாக யானையை ஏற்றியதுபோல், சக்கரத்தோடு அமுங்கிக் கிடந்தது.

உள்ளே சேற்று வாடை அடித்தது. கூலியாட்கள் பிடிக்கும் கிராம்பு சிகரெட் வாடையும் சேர்ந்து வந்தது. பின் இருக்கைகளில் யாரும் இல்லை. இருவரும் ஏறினார்கள். அம்பர் வண்டியை எடுத்தாள். இந்தத் தரம் வளைவுக்கு அப்பால் சரியான பலகை நின்றது.

“கரங்சாரி,” என்று வாசித்தாள் வெனிங். “ரெண்டு கிலோமீட்டர்.”

காத்திருந்தார்கள். பின்னால் அசைவு இல்லை. இறங்குபாதை வந்தது, அம்பர் வேகத்தைக் குறைத்தாள். ஒன்றும் இல்லை.

“அவன் ஏறலியா?” என்றாள் வெனிங். “எல்லாரையும் கூப்பிட்டேனே, அவன் மட்டும் ஏறலியா?”

அம்பர் இறங்குபாதையில் திரும்பவில்லை. நேரே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவரு மேஸ்திரி இல்லையாக்கா,” என்றாள். “ஆளுங்களை அவங்கவங்க ஊர்ல விட்டுட்டு வராம அவரு என்னைக்கு நேரா வீட்டுக்கு வந்திருக்காரு? எத்தனை நாளு சோத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க பலகையை வாசிங்க.”

வெனிங் வாசித்தாள். சலாதிகா. ஓய்விடம். போயோலாலி.

போயோலாலி என்றதும் வேனின் கூரையில் இரண்டு தட்டு விழுந்தது.

வேனில் வருகிற பயணி, தன் ஊர் வந்ததும் ஓட்டுநருக்குத் தெரிவிக்கத் தட்டுவான் இல்லையா, அந்தத் தட்டு. தினமும் கேட்கிற அம்பருக்கு அது பழக்கம். இறங்குபாதையில் இறங்கி, சாவடியைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். வேன் ஒரு முறை குலுங்கி, பின்புறம் சற்று உயர்ந்தது. சுடுதாரில் ஈரக் காலடிகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, ஒரு சந்துக்குள் போய் மறைந்தன.

“பத்திரமாப் போங்கய்யா,” என்றாள் அம்பர் அந்தத் திசையைப் பார்த்து.

அப்படியே போனார்கள். வெனிங் ஒரு பலகை விடாமல் சத்தமாக வாசித்தாள். ஸ்ராகெனில் தட்டு விழுந்தது. ங்காவியில் ஒன்றுமில்லை. மாதியுனில் தட்டியவன் அவசரக்காரன், கதவு திறக்கும் முன்பே வேன் உயர்ந்துவிட்டது. ஜொம்பாங்கில் இறங்கிய காலடிகள் சின்னவை, பத்து தப்படி போய் நின்று, திரும்பி ஒரு முறை வேனைப் பார்த்ததுபோல் பக்கவாட்டில் திரும்பி, பிறகு ஓடின. வெனிங் அங்கே தாங்கமாட்டாமல் அழுதாள். அதற்குமேல் போய்ப் பார்த்தார்கள், யாரும் தட்டவில்லை. திரும்பினார்கள்.

வானம் சிவக்கும் நேரத்துக்குக் கரங்சாரி வந்தது. வெனிங் பலகையை வாசிக்கவில்லை. வாசித்த பிறகும் தட்டு விழாமல் போய்விட்டால்?

கூரையில் இரண்டு தட்டு. அப்புறம், குறும்பாக, மூன்றாவதாக ஒன்று.

“அவரே,” என்றாள் அம்பர்.

வீட்டு வாசலில் விருந்தாட்கள் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்க, யாரும் இல்லாத வேனிலிருந்து ஈரக் காலடிகள் இறங்கின. அவை முற்றத்தைக் கடந்து, நஞ்சுக்கொடி புதைத்த வாசற்படியோரம் வந்து நின்றன. பிறகு அங்கேயே காய்ந்தன. அம்பர் அந்த இடத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை. கல்லைப் பற்றி யாரும் பேசவுமில்லை.

சட்டியை எடுத்துவர வெனிங் வேனுக்குப் போனபோதுதான் பார்த்தாள். பின்சக்கரங்கள் இன்னும் அமுங்கியிருந்தன.

சிகரெட் வாடை போய்விட்டிருந்தது. சேற்று வாடை மட்டும் இருந்தது. ‘யாரா இருந்தாலும் ஏறுங்க’ என்று அவள் கத்தினாளே, அதைச் செத்த மனிதர்கள் மட்டுந்தான் கேட்டார்கள் என்று யார் சொன்னது?

அம்பரும் வந்து பார்த்தாள். “அக்கா,” என்று கிசுகிசுத்தாள், “கொண்டுபோய் ஆத்துலயே விட்டுடலாம்க்கா.”

வெனிங் இருண்ட பின் இருக்கையை வெகுநேரம் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

“பாலத்தடியில விட்டா மறுபடியும் ஆள் பிடிக்கும்,” என்றாள். “இங்கயே கெடக்கட்டும்.”

இப்போது அம்பரின் வேனில் கடைசி இருக்கை யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. கடையில் கூட்டம் இல்லாத நாளில் வெனிங் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பலகைகளை வாசித்துக்கொண்டு வருவாள். பெத்தெங் பாலத்தில் அதற்குப் பிறகு ஒரு விபத்தும் இல்லை. ஆனால் அந்தப் பாலம் நெருங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து கூரையில் இரண்டு தட்டு விழும். பாலத்தில் ஏறியதும் மறுபடி இரண்டு. நடுப்பாலத்தில், தகரம் பிய்ந்துவிடும்போல், இரண்டு கையாலும் தட்டும். பயணிகள் காதைப் பொத்திக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

“இங்க நிறுத்தம் கிடையாது,” என்பாள் வெனிங், திரும்பிப் பார்க்காமல்.

அம்பர் வேகத்தைக் கூட்டுவாள்.